இடப்பக்கத்துச் சத்தம்

அத்தியாயம் 5

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் மீராசாகிபு மாமா எனக்குப் பதினொரு தடவை போன் எடுத்துவிட்டார். பதினொரு தடவையும் ஒரே கேள்விதான்.

"நாஸிம், என்ட புள்ளையப் பத்தி ஏதும் தெரிஞ்சுதா?"

"இன்னும் கொஞ்ச நேரத்தில சொல்லுறன் மாமா."

பதினொரு தடவையும் ஒரே பொய்தான். என் வாய்க்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. ஆனால் பெற்ற மனுசன் போனுக்குள் மூச்சடக்கி அழுகிறபோது என்னத்தைச் சொல்வது?

அவருடைய ஒரே மகள் ஸுல்பா. இருபத்தாறு வயது. வவுனியாவில் ஒரு தனியார் நிலையத்தில் காதைச் சோதிக்கிற வேலை. கிழமைக்கு ஒருநாள் மெஷினையும் ஹெட்போனையும் ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் போய் இலவச முகாம் வைப்பாள். புதன்கிழமை நெடுங்கேணிக்கு அப்பால் ஒரு வயற்கிராமத்தில் முகாம். பின்னேரம் ஐந்தரைக்கு அங்கிருந்து வெளிக்கிட்டவள் வீடு வந்து சேரவில்லை. போனும் வேலை செய்யவில்லை.

சாட்சி ஒரே ஒரு ஆள், சங்கிலி என்கிற வயல் காவல்காரர். "ஸ்கூட்டிச் சத்தம் ஒட்டுசுட்டான் றோட்டுப் பக்கம் போச்சு" என்று பொலிசுக்குச் சொல்லியிருந்தார். வீட்டுக்குப் போகிறவள் அந்தப் பக்கம் திரும்பமாட்டாள். ஒட்டுசுட்டானைத் தாண்டினால் முல்லைத்தீவு. முல்லைத்தீவில் றஜித் என்று ஒரு பெடியன் இருக்கிறான். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம், அவளோடு படித்தவன், அடிக்கடி போனில் கதைக்கிறவன். ஊர் வாய்க்கு வேறென்ன வேணும்? ஒரே இரவில் இரண்டு பேரையும் ஓட வைத்து, கலியாணமும் கட்டி வைத்துவிட்டார்கள். றஜித்தோ நேற்றிலிருந்து விசாரணையில் இருக்கிறான், ஸுல்பா எங்கே என்று அவன்தான் எல்லோரையும் கேட்கிறானாம். மாமாவின் சொந்த மச்சானே "போனவள் போயிட்டாள், விடுங்கோ" என்றிருக்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் கண்ணில் படாமல் இருந்தது அவன் அதிர்ஷ்டம்.

"என்ட புள்ள எனக்குச் சொல்லாமப் போகமாட்டா" என்ற ஒரே வார்த்தையோடு மாமா எங்கள் துப்பறியும் கந்தோர்ப் படி ஏறி வந்தார். மார்கிறட் அக்கா அந்த வார்த்தையை மட்டும்தான் நம்பினா.

மார்கிறட் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். இருபத்துநாலு வருசம் காப்புறுதிக் கம்பனியில் விசாரணை வேலை பார்த்தவா. தானாக எரிந்த லொறி எது, ஆள் வைத்து எரித்த லொறி எது என்று சாம்பலைப் பார்த்தே சொல்லுவா. கம்பனியை விட்டபிறகு வவுனியாவில் சொந்தமாகத் துப்பறியும் கந்தோர் திறந்தா. நான் அவவுக்கு ஓட்டோ ஓட்ட வந்தவன். இப்போது கூடவே வாயும் ஓட்டுகிறேன்.

"நாஸிம், உந்தப் பாட்டை நிப்பாட்டு."

"அக்கா, சத்தம் குறைச்சுத்தான் வைச்சிருக்கன்."

"குறைச்சு வைச்சே பின்சீற் துள்ளுது. உன்ரை காதுக்குள்ள நத்தை ஓடு மாதிரி ஒண்டு இருக்கு, தெரியுமோ? அதுக்குள்ள தண்ணி. தண்ணிக்குள்ள மயிர் மாதிரி ஆயிரக்கணக்கில. வெளிச்சத்தம் செவிப்பறையில அடிச்சு, மூண்டு சின்ன எலும்பைத் தட்டி, அந்தத் தண்ணியை ஆட்டும். தண்ணி ஆட மயிர் ஆடும். அதைத்தான் மூளை சத்தம் எண்டு எடுக்கும். உன்ரை ஸ்பீக்கருக்கு அது ஆடேல்லை, சாயுது. காத்தில விழுந்த நெல்லு மாதிரி. சாய்ஞ்சது பேந்து எழும்பாது."

"புதுசா முளைக்காதா?"

"கோழிக்கு முளைக்குமாம். மனுசருக்கு முளைக்காது."

"அப்ப கோழி எனக்கு மேல" என்று பாட்டை நிறுத்தினேன்.

நிறுத்தியதும் சோளகக் காற்றின் இரைச்சல் ஓட்டோவுக்குள் வந்து நிறைந்தது. ஆவணி மாதத்துச் சோளகம் சும்மாவா அடிக்கும்? வழியெல்லாம் புழுதி. புதன்கிழமை போன ஸ்கூட்டியின் சக்கரத் தடத்தை இது வியாழக்கிழமை விடிய முதலே அழித்திருக்கும்.

முகாம் நடந்த பொதுநோக்கு மண்டபத்தைப் பூட்டித் திறக்கிற திறப்பு வீரையாவின் கையில் இருந்தது. அறுபது வயது, மெலிந்த ஆள். முகாமுக்கு வந்தவர்களுக்கு இலக்கத் துண்டு கொடுத்தவரும் அவர்தான். அடுத்த கிழமையும் முகாம் இருந்ததால் ஸுல்பா சோதனைத் தாள்களை அங்கே அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தாள்.

அக்கா தாள்களை மேசையில் பரப்பினா. ஒவ்வொரு தாளிலும் கட்டம் போட்ட படம். சிவப்பு வட்டங்கள் ஒரு கோடாக, நீலப் புள்ளடிகள் இன்னொரு கோடாக.

"சிவப்பு வலக்காது, நீலம் இடக்காது. கோடு மேல நிண்டால் நல்ல காது, கீழ இறங்க இறங்க மோசம். இந்தா பார், இவர் அரிசி மில்லில வேலை செய்யிறவராயிருக்கும். கீச்சுச் சத்தம் மட்டும் ரெண்டு காதிலயும் விழுந்துபோய்க் கிடக்கு. மில் இரைச்சல் முதல்ல அதைத்தான் தின்னும்."

"ஓமோம், மில்காரர்தான்" என்றார் வீரையா வாயைப் பிளந்து.

அக்கா எண்ணினா. பிறகு திரும்பவும் எண்ணினா. "எத்தினை துண்டு குடுத்தனீங்கள்?"

"இருபத்திமூண்டு."

"தாள் இருபத்திரண்டுதான் இருக்கு. பதினேழைக் காணேல்லை. பதினேழு ஆர்?"

வீரையா கொப்பியைப் புரட்டினார். விரல் ஒரு பெயரில் போய் நின்றது.

"சங்கிலி."

முகாம் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை என்று பொலிசுக்குச் சொன்ன அதே சங்கிலி!

"அக்கா, ஆள் அம்பிட்டுட்டான்! அவன்தான் தாளையும் எடுத்து, அவளையும்..." மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"வாயை மூடிக்கொண்டு வா" என்றா அக்கா.

ரோட்டுக்கு எதிர்ப்புறம் பேச்சியம்மாவின் தேத்தண்ணிக் கடை. மர வாங்கின் கடைசி மூலையில், வலத் தோளைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் குந்தியிருந்தார். தாடி மழிக்கவில்லை. வலக் கன்னத்தில் கருகிய தழும்பு. முன்னால் வைத்த தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்திருந்தது.

நான் அவருக்கு இடப்பக்கமாகப் போய் வாசலில் நின்றேன். அக்கா நேரே குசினிக்குள் போய்ப் பேச்சியம்மாவோடு மெதுவாகக் கதை குடுத்தா.

"சங்கிலியோ? ரெண்டு நாளாக் காவலுக்குப் போகேல்லை அம்மா. இஞ்சைதான் கிடையா கிடக்கிறான். நெல்லு முத்தி நிக்கிற நேரம் காவல்காரன் இப்பிடிக் கிடந்தால் யானை சும்மா விடுமோ? கேட்டால் பேயறைஞ்சவன் மாதிரி முழிக்கிறான்."

"அந்த மூலை சங்கிலியின்ரை இடமோ?"

"தை மாசத்தில இருந்து அப்பிடித்தான். வேற ஆரும் அதில இருந்தால் எழுப்பிப்போட்டு இருப்பான். பைத்தியம் பிடிச்சிட்டுதோ தெரியாது."

"தை மாசம் என்ன நடந்தது?"

"யானை வெடி அம்மா. யானையைக் கலைக்கக் கொளுத்தி எறியிறது. திரி கட்டையா இருந்திருக்கு போல, கையை ஓங்கேக்கையே காதடியில வெடிச்சிட்டுது. ஆஸ்பத்திரிக்குப் போடா எண்டால் ஒண்டுமில்லை எண்டிட்டான்."

அக்கா ஒரு கிளாசையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பின்கதவால் வெளியே போனா. சங்கிலியின் வலப்பக்கச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அதற்கு வெளியே நின்று கரண்டியால் கிளாசில் டிங் டிங் என்று தட்டினா.

சங்கிலி திடுக்கிட்டுத் திரும்பினார். ஜன்னல் பக்கம் இல்லை. என் பக்கம்! நான் வெறுங்கையோடு நிற்கிறேன். என்னிடம் கிளாசும் இல்லை, கரண்டியும் இல்லை. ஆனால் அவர் என் கையைத்தான் உற்றுப் பார்த்தார்.

அக்கா ஜன்னலால் எனக்குத் தலையசைத்தா. பொறு என்று அர்த்தம். நானோ பொறுக்கிற பிறவி இல்லை.

"பதினேழாம் இலக்கத் தாள் எங்க?" என்று கேட்டுவிட்டேன்.

சங்கிலி எழுந்த வேகத்தில் வாங்கு பிரண்டது. என்னை ஒரு இடி இடித்துவிட்டு வாசலால் பாய்ந்து வயல் பக்கம் ஓடினார். நான் விடுவேனா? வரம்பைக் குறுக்கால் வெட்டி, அவருடைய வலப்பக்கமாக வந்து, "டேய், நில்லடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

ஓடினவர் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் ஆள் வருகிறது என்று நினைத்துச் சட்டென வலப்பக்கம் வெட்டினார். வெட்டி நேரே என் நெஞ்சில் வந்து மோதினார். இரண்டு பேரும் வாய்க்காலுக்குள் விழுந்தோம். இருபது வருச ஓட்டோ ஓட்டத்தில் என்னைத் தேடி வந்து இடித்த முதல் ஆள் அவர்தான்.

அக்கா மூச்சு வாங்க வந்து சேர்ந்தா. சங்கிலி எழும்பவில்லை. சேற்றில் இருந்தபடியே இரண்டு கையையும் கூப்பினார்.

"எனக்கு வலக்காது இல்லையம்மா. தை மாசத்தோட போயிட்டுது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. காவல்காரனுக்குக் காது கேக்காது எண்டால் ஆரம்மா என்னை நம்பி வயலை விடுவினம்? டொக்டர்ப் பிள்ளையிட்டைக் கெஞ்சிக் கேட்டனான், என்ரை தாளை மற்றதுகளோட வைக்காதையுங்கோ எண்டு. அது தன்ரை பைக்குள்ள வைச்சுது. வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தாறன், மெஷின் ஏதும் போடலாமோ பாப்பம் எண்டுது. அதுக்கு எவ்வளவு நல்ல மனசு!"

"கடிதம் கையில தந்தவளோ?"

"இல்லை. பின்னேரம் எழுதுறன் எண்டுது."

"நீங்கள் பின்னேரம் எங்கை இருப்பன் எண்டு சொன்னனீங்கள்?"

"வேற எங்கை? காவல் கொட்டிலிலை."

அக்கா கண்ணை மூடித் திறந்தா. "அப்ப அவள் முல்லைத்தீவுக்கும் போகேல்லை, வீட்டுக்கும் போகேல்லை. உங்களிட்டைத்தான் வந்தவள்."

"இல்லையம்மா! ஐயனார் மேல சத்தியமா ஸ்கூட்டி றோட்டுப் பக்கம்தான் போச்சு. என்ரை காதால கேட்டனான்."

"எந்தக் காதால?"

சங்கிலியின் கை வலக்காதுக்குப் போனது.

"கொட்டிலில எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்?"

"காட்டைப் பாத்து. ஒட்டுசுட்டான் றோட்டு எனக்கு இடப்பக்கம்."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "அக்கா, ஒரு காது நல்லாக் கேக்குதுதானே? சத்தம் வந்த பக்கம் தெரியாதா?"

"தெரியாது நாஸிம். வலப்பக்கத்துச் சத்தம் வலக்காதுக்கு ஒரு துளி முந்திப் போகும், இடக்காதுக்கு ஒரு துளி பிந்திப் போகும். கண் சிமிட்டுற நேரத்தில நூறில ஒரு பங்குகூட இல்லை. அந்த வித்தியாசத்தை வைச்சுத்தான் மூளை பக்கம் சொல்லுது. ஒரு காது போனால் அதுக்கு ஒரே ஒரு சாட்சிதான் மிச்சம். இடக்காது சொல்லுறதை அது அப்பிடியே நம்பும். இவருக்கு உலகத்தில எல்லாச் சத்தமும் இடப்பக்கத்தில இருந்துதான் வரும். நீ இப்ப வலப்பக்கத்தில நிண்டு கத்தினாய், இவர் உன்னட்டையே ஓடி வந்தார். மனுசன் பொய் சொல்லேல்லை. கேட்டதைத்தான் சொன்னவர்."

ஊரும் பொலிசும் இரண்டு நாளாக அந்த ஒரு காதை நம்பி ஒரே ரோட்டில் தேடிக்கொண்டிருக்கின்றன. போனில் நேரத்தைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு மணித்தியாலம்!

"சங்கிலி, ஸ்கூட்டிச் சத்தத்துக்குப் பிறகு வேற என்ன கேட்டது?"

அவர் அக்காவைப் பார்க்கவில்லை, காட்டைப் பார்த்தார்.

"என்ரை பேர்."

"என்ன?"

"ஸ்கூட்டிச் சத்தம் நிண்டுபோச்சு. கொஞ்சத்தில ஒரு பொம்பிளைக் குரல். 'சங்கிலி அண்ணை' எண்டு. எழும்பி இடப்பக்கம் பாத்தன். வெட்டவெளி. ஒரு குருவிகூட இல்லை. திரும்பவும் 'சங்கிலி அண்ணை' எண்டுது. ஆளில்லாத பக்கத்தில, பொழுதுபடுற நேரத்தில, காட்டோரத்தில பேர் சொல்லிக் கூப்பிட்டால்..."

அவர் முடிக்கத் தேவையில்லை. இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியும். ஆளைக் காணாமல் பெயர் கேட்டால் மூன்றாந்தரம் கூப்பிடும்வரை பதில் கொடுக்கக் கூடாது. மனுசர் மூன்றுதரம் கூப்பிடுவார்கள், மற்றது இரண்டுதரத்தோடு நிற்கும் என்பார்கள்.

"மூண்டாந்தரம் கூப்பிடுமோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான் அம்மா. கூப்பிடேல்லை. துவாயால காதைப் பொத்திக்கொண்டு ஊருக்கு ஓடி வந்திட்டன். அதுக்குப் பிறகு அந்தப் பக்கமே போகேல்லை."

"உங்களுக்கு வலப்பக்கத்தில என்ன இருக்கு?" அக்காவின் குரல் இப்போது தாழ்ந்துவிட்டது.

"பழைய குளக்கட்டு. அதுக்குக் கீழ தரிசு நிலம். புல்லு மூடி ஒரு கட்டில்லாத கிண..."

சொல்லை முடிக்காமலே சங்கிலி எழுந்து ஓடத் தொடங்கினார். முழங்கால் நோக்காடு என்று படி ஏறுவதற்கே என்னைத் திட்டுகிற மார்கிறட் அக்கா எனக்கு முன்னால் ஓடினா.

குளக்கட்டில் ஏறினோம். ஒரு பக்கம் வற்றிய குளம், மறுபக்கம் ஆளுயரப் புல். காற்று புல்லை உழக்கிக்கொண்டிருந்தது. கொட்டில் இருநூறு மீற்றர் தள்ளி, வலப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு தெரிந்தது. அவள் இங்கே ஸ்கூட்டியை நிறுத்தித்தான் கூப்பிட்டிருக்கவேண்டும். பதில் வராததால், கிட்டப் போய்க் கடிதத்தைக் கொடுப்போம் என்று குறுக்கால் இறக்கியிருக்கிறாள்.

"ஸுல்பா!" என்று கத்தினேன்.

"கத்தாதை! கேள்!" என்று அக்கா என் கையைப் பிடித்தா.

மூன்று பேரும் மூச்சை அடக்கினோம். காற்று, புல், தூரத்தில் ஒரு ட்ராக்டர். என் காதுக்குள் எப்போதும் கேட்கிற அந்த 'ஈ' என்ற இரைச்சல், என் ஸ்பீக்கரின் புண்ணியம். யா அல்லாஹ், அது ஒரு நிமிசம் ஓயட்டும் என்று வேண்டினேன்.

டக்.

பிறகு ஒன்றும் இல்லை. பிறகு இன்னொரு டக்.

"அங்க!" என்று நான் முன்னுக்கு வலப்பக்கம் கையை நீட்டினேன். அதே நேரம் அக்காவின் கையும் அதே பக்கம் நீண்டது. எங்கள் நாலு காதுகளும் ஒரே இடத்தைக் காட்டின. சங்கிலி எங்கள் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினார்.

புல்லுக்குள் கிணறு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. இருபது அடி ஆழம். அடியில் முழங்கால் அளவு கலங்கல் தண்ணி. சரிந்து கிடந்த ஸ்கூட்டியின் மேல் ஸுல்பா. ஒரு கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கையில் ஒரு கல். அதனால் ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டே இருந்தாள். எங்கள் தலை தெரிந்த பிறகும் தட்டுகிறாள், அந்தக் கை நிற்க மறந்துவிட்டது.

"கயிறு! மாட்டுக் கயிறு கொட்டிலில கிடக்கு!" சங்கிலி பறந்தார். அக்கா அம்புலன்சுக்குப் போன் எடுத்தா.

என் போன் அடித்தது. பன்னிரண்டாவது தடவை.

"நாஸிம், என்ட புள்ளையப் பத்தி..."

ஸ்பீக்கரைப் போட்டு, போனைக் கிணற்றுப் பக்கம் நீட்டினேன்.

"நாஸிம்? நாஸிம்! ஏன் கதைக்கிறாயில்ல?"

கிணற்றுக்குள் இருந்து காய்ந்துபோன ஒரு குரல் வந்தது. "வாப்பா."

அதற்குப் பிறகு அந்த மனுசன் அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை.

சங்கிலி கயிற்றோடு வந்தார். ஒரு முனையைப் பாலை மரத்தில் கட்டினார். கட்டும்போது முடிச்சு இரண்டுதரம் அவிழ்ந்தது. கிணற்று விளிம்புக்கு வந்தவர் எட்டிப் பார்க்கத் துணிவில்லாமல் நின்றார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு முன் அவரைக் கொலைகாரன் என்று சொல்ல வந்த வாய் இது.

ஸுல்பாவுக்குத் தெரியாது. இவர் கேட்டதும் தெரியாது, ஓடியதும் தெரியாது. மேலே தெரிந்த முகங்களில் பழகிய ஒரு முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள், அவ்வளவுதான்.

"சங்கிலி அண்ணை."

சங்கிலி நிலத்தில் குப்புற விழுந்து, இடக்காதைக் கிணற்றுக்குள் நீட்டினார்.

"ஓம் பிள்ளை! ஓம்! வாறன் பிள்ளை!"

இரண்டாந்தரம் அவள் கூப்பிட முதல் அவர் கயிற்றைப் பிடித்துப் பாதிக் கிணறு இறங்கியிருந்தார்.